கரவொலியார்

கூடத்தின் கடைசித் தூணை ஒட்டி நின்றபடி அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறார். மேடையில் ஒருவர் மழைநீரைச் சேமிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். "இறுதியாக ஒன்று சொல்லி அமர்கிறேன்" என்று அவர் சொல்லி வெகு நேரம் ஆகிறது. அமர்கிற வழியைக் காணோம். முன் வரிசையில் ஒரு பெரியவர் தூக்கத்தில் பக்கத்து ஆளின் தோளுக்கே குடிபோய்விட்டார். பேச்சாளர் ஒரு வாக்கியத்தை முடிக்கிறார். அடுத்த வாக்கியத்துக்காக மூச்சை உள்ளே இழுக்கிறார். அந்த இடம்தான்! தூணிலிருந்து மெல்ல ஒரு தட்டு, இன்னொரு தட்டு. நாலு பேர் சேர்கிறார்கள், பிறகு கூடமே சேர்கிறது. தூங்கியவர்கூட விழித்துக்கொண்டு பலமாகத் தட்டுகிறார். பேச்சாளர் முகமெல்லாம் சிரிப்பாக, தான்தான் முடித்தோம் என்ற நம்பிக்கையோடு, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போகிறார்.

இவர் பொதுக்கூடத்தின் பொறுப்பாளர். அது உத்தியோகப் பெயர். நாற்காலி போடுவது, நாற்காலி எடுப்பது, ஒலிபெருக்கி கரகரத்தால் தலையில் ஒரு குட்டு வைப்பது, மேடைக்குத் தண்ணீர் வைப்பது, எல்லாரும் போனபின் பூட்டுவது, இதுதான் உத்தியோகம். பேச்சை முடித்துவைப்பது அவராக எடுத்துக்கொண்ட உபரி வேலை. அதற்காகத்தான் பாட்டுக்குழு அம்மாள் அவருக்குக் 'கரவொலியார்' என்று பட்டம் சூட்டினார். வைத்த நாளிலிருந்து சொந்தப் பெயர் வழக்கொழிந்து போயிற்று. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

"நிறுத்துங்கன்னு சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வருவாங்க. தட்டிப் பாருங்க, சந்தோஷமா நிறுத்துவாங்க" என்பார். "அதுக்குன்னு கண்ட இடத்துல தட்டக்கூடாது. மூச்சு வாங்குற இடம் பாத்துத் தட்டணும். உள்ளங்கையைக் குழிச்சுத் தட்டணும். தட்டையா தட்டினா கொசு அடிக்கிற மாதிரி இருக்கும், ஒருத்தனும் கூட வரமாட்டான்." கேட்பவர் தலையாட்டினால் போதும், கையைப் பிடித்துக் குழித்துக் காட்டாமல் விடமாட்டார்.

ஒருமுறை இரங்கல் கூட்டத்தில் தட்டிவிட்டார். இறந்தவரின் தம்பி, அண்ணனைப் பற்றிப் பேச ஏறியவர், தன்னுடைய தொழில், தன்னுடைய முழங்கால் வலி என்று போய்க்கொண்டே இருந்தார். கை சும்மா இருக்குமா? எழுந்த சத்தத்தில் கூடமே உறைந்துபோயிற்று. கரவொலியாருக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கூட்டம் கலைந்தபின் இறந்தவரின் மனைவி மெதுவாக அவரிடம் வந்தார். "எங்க வீட்டு மனுஷனும் தம்பி பேச்சை இப்படித்தான் தட்டி நிறுத்துவாரு" என்று சொல்லி, அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவரைக் காப்பாற்றியது.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி தன் அக்காவோடு தொலைபேசியில் பேச ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து இவருடைய கைதட்டல் வரும். "இந்த வீட்டுல நான் ஒரு விஷயத்தை முழுசா சொல்லி எத்தனை வருஷமாச்சு!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே பெரிய வாய் கரவொலியாருடையதுதான். விடிந்ததும் திறந்தால் படுக்கும்போதுதான் சாத்துவார். ஊர்ப் பேச்சையெல்லாம் முடித்துவைக்கும் மனிதரின் பேச்சை முடித்துவைக்க ஆள் இல்லை. அவரைத் தட்டி நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அவர் வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் கூடத்தைத் துப்புரவு செய்யும் பெண். அவர் கூப்பிடுவது 'தங்கச்சி'. அந்தப் பெண் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். அந்த ஜனங்களை ஊரில் அக்கரைக்காரர்கள் என்பார்கள். அவளுடைய தம்பி கூடத்தின் எதிர் வரிசையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். காலையில் கடையிலிருந்து சூடாக இரண்டு பன்னும், பிளாஸ்கில் தேநீரும் வரும். மேடைப் படியில் உட்கார்ந்து அவர் பேசுவார், அவள் பன்னைப் பிய்த்துத் தின்றபடி, "ம், அப்புறம்?" என்பாள். பிறகு இருவரும் மேடையின் நீள மேஜையைத் தூக்குவார்கள். அது பழங்காலத்துக் கனத்த மரம். ஒருவரால் ஆகாது. அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. "ஒரு கை பிடிங்கண்ணே" என்று அவள் சொல்லுவாள், அவர் பேசிக்கொண்டே பிடிப்பார். பல வருஷமாக இதுதான் நடைமுறை.

இந்த நடைமுறையைக் கெடுத்தவர்கள் சாம்பல் சட்டைக்காரர்கள்.

ஊரில் யாருக்கு வேலை போனாலும், வீட்டு வாடகை ஏறினாலும், மழை பெய்யாவிட்டாலும் காரணம் அக்கரைக்காரர்கள்தான் என்பது அவர்கள் கட்சி. எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஒரே மாதிரி முறைப்பார்கள். அவர்களுக்கு ஒரு தலைவர். வெளியூர்க்காரர், பேச்சில் மன்னர். தாழ்ந்த குரலில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் சட்டென்று நிறுத்துவார். அந்த நிசப்தத்தில் கேட்பவனுக்கு ரத்தம் கொதிக்கும். கூடத்தை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று பலரும் மேலாளரிடம் சண்டை போட்டுப் பார்த்தார்கள். "கூடம் எல்லாருக்கும் பொது. விதி விதிதான்" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

முதல் கூட்டத்தில் கரவொலியார் வழக்கமான தூணருகே நின்றார். தங்கச்சி தேநீர்த் தட்டோடு பக்கவாட்டுக் கதவில் நின்றாள். தலைவர் ஏற்றிக்கொண்டே போனார். அக்கரைக்காரர்கள் திருடர்கள், நோய் கொண்டுவருகிறவர்கள், நம் பிள்ளைகளின் சோற்றைப் பிடுங்குகிறவர்கள் என்றார். கரவொலியாருக்குக் காது கூசியது. இந்த ஆள் எப்படியாவது இறங்கித் தொலைய மாட்டானா என்று மனசு பதைத்தது. தலைவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். பழகிய கை, யோசிக்கவா செய்யும்? தட்டிவிட்டது.

சாம்பல் சட்டைகள் அதற்காகவே காத்திருந்தது போல எழுந்து நின்று இடி மாதிரித் தட்டினார்கள். தலைவர் இறங்கவில்லை. இறங்குவாரா! புதுத் தெம்போடு இன்னொரு சுற்று பேசினார். கரவொலியார் திரும்பிப் பார்த்தபோது, தங்கச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ரொட்டிக்கடைக் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் தெரியும். மாவு பிசைந்த தட்டில் எல்லாம் கண்ணாடித் தூள். தம்பிக்காரன் அதை அப்படியே வாரிக் குப்பையில் கொட்டினான்.

மறுநாளிலிருந்து தங்கச்சி பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக் கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். வந்தாள், துடைத்தாள், போனாள். பன் இல்லை, தேநீர் இல்லை, "அப்புறம்?" இல்லை. அவர் வேண்டுமென்று தட்டவில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை போலும். கரவொலியாரின் மனைவியைக் கடையில் பார்த்தபோது மட்டும் சொன்னாளாம்: "அக்கா, அந்த ஆளுங்க திரும்ப வந்து, திரும்பக் கண்ணாடி உடைஞ்சா, நாங்க மூட்டையைக் கட்டிடுவோம். தம்பிக்குப் பயமா இருக்கு. எனக்கும்தான்."

அந்தச் சேதியைக் கேட்ட நாளிலிருந்து கரவொலியார் கூட்டம் நடந்தால் இரண்டு கையையும் பைக்குள் போட்டுக்கொண்டார். மேடை மேஜையைத் தனியாளாக இழுத்தார். தரையில் அது கிறீச்சிட்ட கிறீச்சு தெருவரை கேட்டது. கூட்டங்களின் கதியோ சந்தி சிரித்தது. நிறுத்த ஆளில்லாத பேச்சு ஆறாக ஓடியது. தோட்டக்காரர் சங்கத்தில் ஒருவர் உரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, விதைக்குப் போய், தன் மாமனார் வீட்டுக் கொய்யா மரம்வரை போய்விட்டார். "கரவொலியாரே, உங்களுக்கு என்ன ஆச்சு? எங்களைக் காப்பாத்துங்க" என்று சங்கத்துக்காரர்கள் கெஞ்சினார்கள். அவர் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சாம்பல் சட்டைக்காரர்கள் மறுபடியும் கூடத்தைப் பிடித்தார்கள் என்ற செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதே தலைவர்.

கூடத்தின் பின்கட்டில் பாட்டுக்குழு அம்மாள், தோட்டக்காரர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், பக்கத்து மருத்துவமனையின் நர்ஸம்மா என்று வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். வாசலை மறிக்கலாம் என்றார் ஒருவர். கூச்சல் போட்டு விரட்டலாம் என்றார் இன்னொருவர். "அடிதடி ஆகும். நாளைக்குக் கட்டுப் போடறது நான்தான்" என்றார் நர்ஸம்மா. யாருமே போகாமல் கூடத்தைக் காலியாக விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவர்கள் ஆட்களை அவர்களே லாரியில் கொண்டுவருவார்கள் என்று அதுவும் அடிபட்டுப் போயிற்று.

மூலையில் நின்ற கரவொலியார் தொண்டையைக் கனைத்தார். "தட்டலாம்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் புத்தியைப் பற்றிய கவலை இருந்தது.

"போன தடவை தட்டினது போதாதா?" என்று பாட்டுக்குழு அம்மாள் கேட்டேவிட்டார்.

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "போன தடவை அந்த ஆள் சொல்லி முடிச்ச இடத்துல தட்டினேன். அவனுக்கு வேண்டியது அதுதானே? இந்தத் தடவை சொல்லவே விடாம தட்டுவோம். வணக்கம்னா தட்டுவோம். மைக்கைத் தொட்டா தட்டுவோம். தண்ணி குடிச்சா தட்டுவோம். படிப்படியா ஏறித்தானே உச்சிக்குப் போறான்? முதல் படியிலயே உக்கார வெச்சுருவோம்."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அது தொற்றிக்கொண்டது.

பயிற்சி கூடத்திலேயே நடந்தது. கரவொலியார் மேடையேறித் தலைவர் மாதிரி மார்பை நிமிர்த்துவார், மற்றவர்கள் தட்டுவார்கள். "ஐயோ, அது கிண்டல் தட்டு! கிண்டல் கூடாது. பேத்தி பள்ளிக்கூடத்துல ஆடினா எப்படித் தட்டுவீங்க? அப்படித் தட்டுங்க. சிரிச்ச முகம். விசில் கிடையாது, ஊளை கிடையாது. யாராவது முறைச்சா இன்னும் அழகாத் தட்டுங்க." சதுரங்கக்காரர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் யோசித்தார்கள். கூடத்தின் மறுகோடியில் தங்கச்சி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் காலடிக்கு வந்ததும் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டே தட்டினார்கள். அவள் நிமிரவில்லை. துடைத்த இடத்தையே கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தாள், அவ்வளவுதான்.

மேலாளருக்குச் சேதி எட்டி ஓடிவந்தார். விதிகளையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். "கைதட்டக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை" என்று சொல்லிவிட்டு, போகும்போது, "ஞாயித்துக்கிழமை நானும் வரலாமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பல் சட்டைகள் வந்து சேர்வதற்குள் முன் வரிசைகளெல்லாம் நிரம்பிவிட்டன. நல்ல துணி உடுத்தி, தலை வாரி, விசேஷத்துக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது ஊர். சட்டைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆதரவு பெருகிவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து நின்றார்கள். தலைவர் மேடையேறினார். பலத்த கைதட்டல். அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

"வணக்கம்" என்றார். கைதட்டல். கும்பிட்டார். அதற்கும் கைதட்டல்.

"என் அன்பு நண்பர்களே..." என்றார். எழுந்த கைதட்டலில் அவருடைய ஆட்களே சேர்ந்துகொண்டார்கள். தலைவருக்குத் தட்டாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்! அடங்கட்டும் என்று காத்திருந்தார். அடங்கியது. "இன்றைக்கு இந்த நாட்டில்..." தட்டு. "நான் சொல்ல வந்தது..." தட்டு. தண்ணீரை எடுத்துக் குடித்தார். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். காரணம் சிரிப்பு, பார்க்கிறவர்களுக்கு உருக்கம்.

தலைவரின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. கையைத் தூக்கி அமர்த்தினார். தூக்கிய கைக்கும் தட்டினார்கள். "தட்டாதீர்கள்!" என்று கத்தினார். அன்றைக்கு அதுதான் உச்சம், கூடமே அதிர்ந்தது. பின்வரிசையில் ஒரு சாம்பல் சட்டை கோபத்தில் நாற்காலியை உதைத்தது. பாட்டுக்குழு அம்மாள் திரும்பி, அந்த உதையையும் ரசித்தது போலத் தலையை ஆட்டித் தட்டினார். உதைத்தவனின் பக்கத்தில் நின்ற இன்னொரு சட்டைக்காரன் அடக்க முடியாமல் பக்கென்று சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் யாருக்கும் முறைக்க வரவில்லை.

தலைவர் பேச வந்ததில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. அக்கரை என்ற சொல்லை அவர் நாலைந்து முறை தொட்டார். ஒவ்வொரு முறையும் தூணருகிலிருந்து முதல் தட்டு, குழிந்த உள்ளங்கையின் அந்த மெத்தென்ற சத்தம், அரை மூச்சு முன்னதாகவே எழுந்தது. கடைசியில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, "எல்லாரும் பைத்தியம்!" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வாசல்வரை இருபக்கமும் நின்று தட்டியே வழியனுப்பினார்கள். "பாத்துப் போங்க, படி இருக்கு" என்று கரவொலியார் கதவைப் பிடித்துக்கொண்டார். அது கிண்டல் இல்லை. அந்தப் படியில் தடுக்கி விழுந்தவர்கள் அநேகம்.

பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எதிர் வரிசைக்குப் போய் ரொட்டிக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். தட்டித் தட்டி எல்லாருக்கும் நல்ல பசி. புதுக் கண்ணாடிக்கு முன்னால் ஊரே தோளோடு தோள் நின்றுகொண்டு பன் கடித்தது. சட்டைக்காரர்களின் லாரி அந்த வழியாகத்தான் போக வேண்டும், போயிற்று. ஜன்னல்வழியே சில முகங்கள் பார்த்தன. மேலாளர் வாயில் ரொட்டியோடு அவர்களைப் பார்த்துத் தட்டினார். இருட்டும்வரை அங்கேயே நின்றார்கள். கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது, அவரவர் மூச்சுப் பட்டுக் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவே.

மறுநாள் காலை கரவொலியார் கூடத்தைத் திறந்தபோது தங்கச்சி வாளியும் ஈரத் துடைப்பானுமாக உள்ளே வந்தாள். அவருக்கு அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. போகிறாயா, இருக்கிறாயா? கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து பேச ஆரம்பித்தார். பயந்தால் அவருக்குப் பேச்சு இன்னும் வேகமாக வரும்.

"நேத்து அந்த ஆள் தண்ணி குடிச்சாரு பாரு, அங்கதான் நான் கொஞ்சம் பயந்தேன். தண்ணி குடிச்சா தொண்டை நனைஞ்சு புதுத் தெம்பு வந்துரும். அதனாலதான் குடிக்கும்போதே ஆரம்பிச்சேன். நர்ஸம்மா இருக்காங்களே, அவங்க கை சின்னது, ஆனா சத்தம் பெரிசு. சதுரங்கக்காரங்கதான் பிந்திட்டே இருந்தாங்க. அது பரவாயில்லை, அப்பதான் அலை அலையா வரும். போன தடவை நான் தட்டினேனே, அது... அந்தக் கையை வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு, சத்தியமா. அதை விடு. மேலாளர் பன் கடிச்சுக்கிட்டே தட்டினாரு பாத்தியா? நானும் எத்தனையோ கூட்டம் பாத்திருக்கேன், ஆனா..."

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசினார். ஜன்னலைத் திறந்துகொண்டே பேசினார். அவள் அவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். மேடை வரைக்கும் வந்தாயிற்று. சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. இருந்தாலும் நிறுத்த மனசு வரவில்லை. வேறு எதையாவது தொடங்கலாம் என்று அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

அவள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, மெல்ல, சரியாக அந்த இடத்தில், தட்டினாள். ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

கரவொலியாரின் வாய் திறந்தபடியே நின்றது. இத்தனை வருஷத்தில் அவருக்கு இது நடந்ததில்லை.

அவள் மேடையேறி, நீள மேஜையின் ஒரு முனையில் போய் நின்றாள்.

"சாயந்திரம் தோட்டக்காரங்க கூட்டம்ல?" என்றாள். "ஒரு கை பிடிங்கண்ணே."

அவர் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.